ஆட்டக்காரரை அளப்பது எங்ஙனம்?

துலாக்கோல் இரும்பை நிறுக்கின்றது. மரக்கால் நெல்லை அளக்கின்றது. ஒரு மனிதனுடைய ஆட்டத்திறனை அளப்பதற்குரிய கோல் எது? இவ்வினாவைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

நான் வாழும் பூவம், காரைக்கால் பகுதியின் வடவெல்லையில் உள்ள சிற்றூர். நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. இத்தகைய சிற்றூரிலும் இந்நாளில் இளைஞர்கள் நால்வராகவும் ஐவராகவும் அணி சேர்ந்து, கைப்பேசியிலும் கணினியிலும் போட்டியாட்டங்கள் ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இயந்திரம் ஓர் எண்ணை எழுதிக் காட்டுகின்றது. அவ்வெண் கூடினால் மகிழ்ச்சி, குறைந்தால் துயரம். ஆனால் அந்த எண் எவ்வாறு பிறந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. எண்ணைப் பற்றி எண்ணிப் பார்ப்பதுதான் புள்ளியியல் என்னும் கலை.

இக்கலை ஆட்டக்களத்தில் நன்கு வேரூன்றியது சதுரங்கத்தின் வாயிலாகவே. ஹங்கேரியில் 1903ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக விளங்கியவர் அர்பாட் ஈலோ. அவரும் தேர்ந்த சதுரங்க வீரர். அவர் வகுத்த தரவெண் முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இல் ஏற்றது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பாகிய பிடே 1970இல் ஏற்றது. பிடே என்னும் பெயர் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. அது 1924இல் பாரிஸ் நகரில் தோன்றிய அமைப்பு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் காரைக்கால் பகுதி மக்களுக்கு இச்செய்தி சுவை தரும்.

ஈலோவின் கருத்து எளியது. எத்தனை ஆட்டம் வென்றான் என்று மட்டும் கேட்டால் போதாது. யாரை வென்றான் என்றும் கேட்க வேண்டும். இருவர் தரவெண்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, ஒருவர் எத்தனை பங்கு வெற்றி பெறக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். தரவெண் சமமானால் பாதிப் பங்கு. 100 புள்ளி மிகுந்தவர்க்கு நூற்றுக்கு 64 பங்கு. 200 மிகுந்தவர்க்கு 76. 400 மிகுந்தவர்க்கு 91.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1600 தரவெண் உடைய மாணவர் ஒருவர் 1800 உடையவரோடு ஆடுகின்றார். அவரிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளி. அவர் வென்றால் ஒரு புள்ளி பெறுகின்றார், எதிர்பார்த்ததினும் 0.76 மிகுதி. இதனை 20 என்னும் பெருக்கெண்ணால் பெருக்கினால் 15.2, அவ்வளவு அவர் தரவெண் உயரும். தோற்றாலோ 4.8 மட்டுமே குறையும். சமன் செய்தாலும் 5.2 உயரும். வலியவனோடு மோதித் தோற்பவனுக்கு இழப்பு சிறிது. எளியவனை வென்று மகிழ்பவனுக்கு ஆதாயமும் சிறிது. புதிதாக ஆட வருபவர்க்குப் பெருக்கெண் 40. 2400 என்னும் உயரத்தைத் தொட்டவர்க்கு 10. புதியவரைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. ஆதலின் அவர் எண் விரைவில் மாற இடம் தருகின்றோம். பலகாலும் பழகியவர் எண் மெல்ல மாறுகின்றது. இது மனிதரைப் பற்றிய நல்லறிவும் அன்றோ?

இக்கோலால் அளந்தே 2006 ஏப்ரலில் நம் விசுவநாதன் ஆனந்த் 2800 என்னும் எல்லையைக் கடந்தார் என்று உலகம் கூறியது. மாக்னஸ் கார்ல்சன் 2014 மே மாதத்தில் 2882 என்னும் உச்சியை எட்டினார் என்று நாம் அறிவதும் இதனாலேயே.

ஆயினும் இக்கோல் சோதிடம் அன்று. 2024 ஏப்ரலில் கனடா நாட்டு டொரான்டோ நகரில், உலக வெற்றியாளரை எதிர்க்கும் தகுதிக்காக எண்மர் ஆடினர். காருவானாவின் தரவெண் 2803. நாகமுராவின் தரவெண் 2789. பதினேழு வயதினரான சென்னை குகேஷின் தரவெண் 2743. எண்ணை மட்டும் பார்த்தவர்கள் குகேஷை முன்னணியில் வைக்கவில்லை. அவரோ 14 ஆட்டங்களில் 9 புள்ளி பெற்று முதலிடம் அடைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலக வெற்றியாளரும் ஆனார்.

அங்ஙனமாயின் எண் பொய்த்ததா? பொய்க்கவில்லை. 2803க்கும் 2743க்கும் உள்ள வேறுபாடு 60. அந்த 60 புள்ளி சொல்வது யாது? இருவரும் 100 ஆட்டம் ஆடினால் மிகுந்தவர்க்கு 58 அல்லது 59 புள்ளி கிட்டும் என்பதே. மற்றவர்க்கு 41 புள்ளிக்கு இடம் உண்டு என்பதும் அதனுள் அடங்கியிருக்கின்றது. எண் வாயிற்கதவைச் சாத்தவில்லை. சாத்தியதாக நினைத்தவர் நாமே. புள்ளியியல் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் இது: மிகுதியாக நிகழக்கூடியது வேறு, கட்டாயம் நிகழ்வது வேறு.

இனி மின்விளையாட்டுக்கு வருவோம். சதுரங்கத்தில் ஒருவருக்கு எதிரே ஒருவர். வெற்றி யாருடையது என்பதில் ஐயமில்லை. ஐவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் அணி வென்றால், அவ்வெற்றியை ஐவருக்கும் எங்ஙனம் பங்கிடுவது? இதுவே கடினமான வினா.

கேம்பிரிட்ஜ் நகரத்தில் உள்ள மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். ட்ரூஸ்கில் என்பது அதன் பெயர். அம்முறையில் ஒவ்வொரு வீரர்க்கும் ஓர் எண் அன்று, ஈரெண் உண்டு. முதலாவது, அவர் திறன் இவ்வளவு என்னும் மதிப்பீடு. இரண்டாவது, அம்மதிப்பீட்டில் நமக்குள்ள ஐயம் எவ்வளவு என்பது. ஆட ஆட ஐயம் குறையும். தன் அறியாமையின் அளவையும் உடன் சொல்லும் எண்ணே நேர்மையான எண் என்பேன். பலரோடு மாறிமாறிச் சேர்ந்து ஆடும்போது, ஒருவர் எந்த அணியில் இருந்தாலும் அவ்வணி வெல்கிறதா என்பதைக் கொண்டு அவர் திறன் மெல்லப் புலனாகும்.

ஆனால் ஒரே ஐவர் எந்நாளும் கூடியாடும் அணியில் இம்முறை ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. ஆதலின் களத்தினுள் நிகழும் செயல்களை எண்ணத் தொடங்கினர். கவுண்டர் ஸ்ட்ரைக் என்னும் ஆட்டத்தில் எத்தனை எதிரிகளை வீழ்த்தினார், எத்தனை முறை தாம் வீழ்ந்தார் என்னும் விகிதமே முதலில் பெரிதாகப் பேசப்பட்டது. கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். 24 சுற்றுகளில் கண்ணன் 20 பேரை வீழ்த்தி 16 முறை வீழ்ந்தான், விகிதம் 1.25. முருகன் 12 பேரை வீழ்த்தி 16 முறை வீழ்ந்தான், விகிதம் 0.75. கண்ணனே சிறந்தவன் என்று உடனே தீர்ப்புக் கூறிவிடலாமா?

முருகனுடைய பணி, கதவின் வழியே முதலில் நுழைவது. எதிரி எங்கே பதுங்கியிருக்கின்றான் என்பதைத் தன் உடலால் காட்டிக்கொடுத்து அவன் வீழ்கின்றான். பின்னே வரும் தோழன் அவ்வெதிரியை வீழ்த்துகின்றான். பெயர் தோழனுக்கு; வழி திறந்தது முருகன். இக்குறையை உணர்ந்தே, அவ்வாட்டத்தின் கணக்குகளைத் திரட்டும் எச்.எல்.டி.வி. என்னும் நிறுவனம் 2010இல் தான் வெளியிட்ட மதிப்பெண் முறையை 2017இல் திருத்தியது. ஒரு சுற்றில் வீரர் எதிரியை வீழ்த்தினாரா, வீழ்த்தத் துணை நின்றாரா, இறுதிவரை பிழைத்திருந்தாரா, அல்லது தாம் வீழ்ந்ததற்குத் தோழர் உடனே ஈடு செய்தாரா? இந்நான்கனுள் ஒன்றேனும் நிகழ்ந்த சுற்றுகள் நூற்றுக்கு எத்தனை என்னும் கணக்கும் அதில் இடம்பெற்றது. நம் முருகன் 24 சுற்றுகளில் 19இல் இவ்வாறு பயன்பட்டிருந்தால் அது நூற்றுக்கு 79. கண்ணன் 15இல் பயன்பட்டிருந்தால் நூற்றுக்கு 62.5. கோலை மாற்றினோம், வரிசை மாறிவிட்டது!

நம் கபடியிலும் இதுவே நிகழ்கின்றது. பாடி வந்தவனை மடக்கிப் பிடித்தவன் பெயரில் புள்ளி ஏறுகின்றது. அவன் தப்பாதபடி பக்கத்தில் வழியடைத்து நின்றவன் பெயர் ஏட்டில் இல்லை.

“அவன் இருக்கும்போதும் இல்லாதபோதும் அணி எப்படி ஆடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடுமே” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. முருகன் இருந்தபோது 20 ஆட்டங்களில் 12 வெற்றி. இல்லாதபோது 20இல் 8 வெற்றி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு பெரிதாகத் தோன்றுகின்றது. ஆனால் ஒரு நாணயத்தை 20 முறை சுண்டிப் பாருங்கள். அவ்வாறு பலமுறை செய்தால், ஏறத்தாழ நான்கில் மூன்று தடவை, தலை விழும் எண்ணிக்கை 8 முதல் 12 வரையே இருக்கும். நாணயத்துக்குத் திறமையும் இல்லை, சோர்வும் இல்லை. ஆகவே இருபது ஆட்டங்களைக் கொண்டு ஒருவனை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அவசரம். மேலும், முருகன் இல்லாத நாள்களில் எதிரணி வலியதாக இருந்திருக்கலாம். அதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

மற்றோர் இடரும் உண்டு. அளவுகோலையே இலக்காகக் கொள்ளும்போது அளவுகோல் தன் இயல்பை இழக்கின்றது. ஆங்கிலப் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றி எழுதியபோது இவ்வுண்மையைச் சுட்டினார். அது எல்லாத் துறைக்கும் பொருந்துவதாயிற்று. நான் முன்னர்க் கூறிய டொரான்டோ போட்டிக்கு ஓரிடம் 2023 ஆண்டிறுதித் தரவெண்ணைக் கொண்டு நிரப்பப்படவிருந்தது. வெஸ்லி சோ முன்னே நின்றார். பிரான்சுக்காக ஆடும் அலிரேசா பிரூஜாவுக்குச் சில புள்ளிகள் தேவைப்பட்டன. பிரான்சு நாட்டு ஷார்த்ர் நகரில் அதற்கென்றே அவசரமாக ஆட்டங்கள் ஏற்பாடு செய்யப்பட்டன. பிடே அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. பின்னர் அவர் ரூவான் நகரத்துத் திறந்த போட்டிக்குச் சென்று ஏழு ஆட்டங்களையும் வென்று, அவ்விடத்தைப் பெற்றார். திறமை இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்லமுடியாது. ஆயினும் திறமையை அளக்க வந்த எண், அன்று திறமைக்கே வேலையிடும் எசமானாயிற்று. அடுத்த சுற்றில் பிடே ஒருநாள் எண்ணை விட்டு, ஆறு மாதச் சராசரியைக் கொண்டது இத்தகைய இடர்களைக் குறைக்கவல்லது.

மின்விளையாட்டிலும் இப்படியே. வீழ்த்திய தொகையே மதிப்பென்று அறிவித்துவிட்டால், தோழனுக்காக முதலில் நுழைய எவன் முன்வருவான்? ஐவரும் பின்னே நின்று தத்தம் எண்ணைக் காப்பர், அணி தோற்கும், ஏடு மட்டும் அழகாயிருக்கும்.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்குச் செய்திகள் என்று கருதவேண்டா. 2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக ஏற்றது. 2023இல் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கங்கள் வழங்கப்பெற்றன. 2025இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை விலக்கி, மின்விளையாட்டை அவற்றினின்றும் வேறுபடுத்தி வளர்க்க வகைசெய்தது. ஆகவே, உங்களில் ஒருவர் அணியில் சேர்க்கப்படுவதும் நீக்கப்படுவதும் இத்தகைய எண்களால் முடிவாகும் காலம் வந்துவிட்டது. எண்ணின் பொருளறியாத தேர்வாளர் முருகனை வெளியே அனுப்புவார். எண்ணின் பொருளறியாத முருகனோ, தான் பயனற்றவன் என்று தானே நம்பிவிடுவான். இரண்டாவது முன்னதினும் பெரிய இழப்பு.

பல்லாண்டு பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் இதனை நான் நன்கறிவேன். மதிப்பெண் பதிவேட்டில் பாடங்களுக்குக் கட்டங்கள் உண்டு. இடைவேளையில் பின்வரிசை நண்பனுக்குப் பின்னக் கணக்கைப் பொறுமையாக விளக்கும் மாணவனுக்கு அதில் கட்டம் இல்லை. அவனால் நால்வர் தேறுவர். அந்த நால்வர் மதிப்பெண் ஏறும். அவன் வரிசை எண் ஏறாது. பதிவேடு பொய் சொல்லவில்லை. அது கேட்கப்பட்டதற்கு மட்டும் விடை சொன்னது. கேளாததை அறிவது ஆசிரியர் கடமை. அதனால்தான் வள்ளுவரும் ஒருவரைத் தேர்ந்து தெளிவதற்கென்றே தனி அதிகாரம் வகுத்தார்.

எண்ணை வெறுக்கச் சொல்கின்றேன் என்று கொள்ளாதீர்கள். எண் இல்லாத இடத்தில் தேர்வு செய்வது எது? உறவும், ஊரும், உரத்த குரலும். தெரிந்தவர் இல்லாத சிற்றூர்ப் பிள்ளைக்கு எண்ணே சான்றிதழ். பூவத்தில் பிறந்தவனுக்கும் பாரிசில் பிறந்தவனுக்கும் ஒரே கோல் என்பது சிறிய நன்மையன்று. அந்த நன்மை நிலைக்கவேண்டுமாயின் கோலைப் பிடிக்கும் கை அறிவுடையதாக இருத்தல் வேண்டும்.

ஆதலால், மாணவ நண்பர்களே, எந்த எண் உங்கள் முன் வந்தாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது எதை எண்ணியது, எதை எண்ணாது விட்டது? எத்தனை ஆட்டங்களைக் கொண்டு எண்ணியது? இதனை உயர்த்துவதற்காக மனிதர் தம் ஆட்டத்தையே மாற்றிக்கொள்கின்றனரா? வரும் விடுமுறையில் உங்கள் பள்ளிக் கபடி அணிக்கு ஒரு குறிப்பேடு திறவுங்கள். பிடித்தவனுக்கு ஒரு கட்டம். வழியடைத்து நின்றவனுக்கும் ஒரு கட்டம். முப்பது ஆட்டம் வரை தீர்ப்புக் கூறாது எழுதிவாருங்கள். நீங்கள் இதுவரை கவனியாத ஒரு தோழன் அந்த ஏட்டில் உங்களுக்குத் தென்படக்கூடும். அவனை அழைத்து அச்செய்தியைச் சொல்லுங்கள்.