'வேணும்'னு சொன்ன பிள்ளைகள்

இந்த வாரம் வேற ஒரு தலைப்பு யோசிச்சு வச்சிருந்தேன். அதுக்குள்ள ஊர்ல இருந்து ஒரு போன் வந்துச்சு. பெரியம்மா மகள், எனக்கு அக்கா. தூத்துக்குடியில இருக்காங்க. அவங்க மகள் அங்க ஒரு கத்தோலிக்கப் பள்ளியில ஒன்பதாம் வகுப்பு படிக்கிறா.

"தம்பி, ஸ்கூல் ஆண்டு விழா நாடகத்துக்கு இவளைத்தான் வசனம் எழுதச் சொல்லிருக்காங்களாம். ரிகர்சல்னு ஆறரை மணி வரைக்கும் அங்கேயே கெடக்கா. டியூசன் போச்சு. நீ இன்ஜினியர்லா, நீ சொன்னா கேப்பா. வேண்டாம்னு சொல்லு."

நான் உடனே பதில் சொல்லல. ஏன்னா பிளஸ் ஒன் வந்ததும் நாடகத்தை விட்டவன் நான். யாரும் கட்டாயப்படுத்தல. டிராயிங் பீரியட்ல கணக்கு சார் வந்து நிப்பார் பாருங்க, அதே மாதிரி சத்தமில்லாம நடந்துச்சு. அதனால அக்காகிட்ட ரெண்டு நாள் டைம் கேட்டுட்டு, எங்க கடற்கரையில பள்ளிக்கூடப் பாடம் எப்படித் தொடங்குச்சுன்னு கொஞ்சம் படிச்சேன்.

1542-ல பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வர்றார். அதுக்குச் சில வருஷம் முன்னாடியே இங்க பரதவர்கள் கூட்டமா கிறிஸ்தவர்களா மாறியிருந்தாங்க. அதுக்குப் பின்னால போர்ச்சுகீசியர் பாதுகாப்பு, முத்து வியாபாரம்னு பெரிய அரசியல் இருக்கு. அது தனி எபிசோட். இப்போ விஷயம், சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு மொழியும் ஓரளவு தெரிஞ்ச உள்ளூர்க்காரங்களை உட்கார வச்சு, ஜெபங்களைத் தமிழாக்குறார். அதை அவரே மனப்பாடம் பண்றார். அப்புறம் கையில ஒரு மணி. தெருத் தெருவா அடிச்சுக்கிட்டுப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக் கொடுக்கணும். அதுதான் ஏற்பாடு.

புத்தகம் கிடையாது, பலகை கிடையாது. பாடம் முழுக்கக் குரல்ல ஓடுது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது பிள்ளைகள்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. 'விசுவாசப் பிரமாணம்'னு ஒரு ஜெபம். 'நான் விசுவசிக்கிறேன்'னு தொடங்கணும். முதல் மொழிபெயர்ப்புல அந்த இடத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? 'வேணும்'. கடவுளை நம்புறேன்னு சொல்றதுக்குப் பதிலா, கடவுள் வேணும்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க! 1544-ல சவேரியார் தன்கூட வேலை பார்த்த மான்சிலாஸுக்கு ஒரு கடிதம் எழுதுறார்: அந்தச் சொல் தப்பு, இனிமே மாத்திச் சொல்லுங்கன்னு.

நம்ம பாஷையில சொன்னா, புரொடக்ஷன்ல ஓடுற கோட்ல ஒரு பக். ஊர் ஊரா ரிலீஸ் ஆயாச்சு, அப்புறம்தான் பிக்ஸ். ஆனா எனக்கு என்னவோ அந்த 'வேணும்' முழுத் தப்பாத் தெரியல. அந்நிய பாஷையில வந்த ஒரு நினைப்பை, மீன்பிடிக்கிற ஊர்ப் பேச்சுக்குள்ள கொண்டுவர யாரோ முதல்ல முயற்சி பண்ணியிருக்காங்க. தப்பா ஒரு வரி இருந்ததாலதான் அதைத் திருத்தவும் முடிஞ்சுது.

அடுத்து வந்தவர் அண்டிரிக் அடிகளார், ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். அவர் தமிழை முறையாப் படிக்கிறார், போர்ச்சுகீசிய மொழியில தமிழுக்கு இலக்கணம் எழுதுறார். தாமிரபரணி கடல்ல சேர்ற புன்னைக்காயல்ல இருந்துக்கிட்டு, இந்தக் கரையில அம்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தார். 1578-ல கொல்லத்துல அவரோட 'தம்பிரான் வணக்கம்' அச்சாகுது. பதினாறே பக்கம். தமிழ் எழுத்துலயே, இந்திய மண்ணுல அச்சான புத்தகம். 1586-ல 'அடியார் வரலாறு', அறுநூறு பக்கத்துக்கு மேல, முழுக்கக் கதைகள். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்து உதவினது பரதவர்கள். கடல்ல மூச்சடக்கிச் சம்பாதிச்ச காசு எழுத்துக்குப் போயிருக்கு.

அதே காலத்துல ஐரோப்பாவுல இவங்களோட இயேசு சபை நடத்தின பள்ளிகள்ல நாடகம் பாடத்தோட ஒரு பகுதி. மேடையில நின்னு பேசினாத்தான் மொழி வரும்னு நம்பினாங்க. பிரெஞ்சு நாடகக்காரர் மோலியேர் பாரிஸ்ல அப்படி ஒரு பள்ளியில படிச்சவர்தான்.

ஆக, பாட்டும் கதையும் நாடகமும் படிப்புக்கு நடுவுல விடுற இன்டர்வெல் இல்ல. இந்தக் கரையில படிப்பு வந்து இறங்கினதே அந்த வழியாத்தான்.

இதை அக்காகிட்ட சொன்னேன். அக்கா ஒரே கேள்வி கேட்டாங்க: "இதெல்லாம் சோறு போடுமா?"

நியாயமான கேள்வி. ஜே.பி. சந்திரபாபு எங்க ஊர்ல 1927-ல பிறந்தவர். பனிமய மாதா பேர்ல பனிமயதாசன்னு பேர் வச்சாங்க. மேற்கத்திய யோடலிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள்ள கொண்டுவந்து நாட்டையே ஆட வச்சார். கடைசிக் காலத்துல கடனும் கஷ்டமுமாத்தான் 1974-ல போனார். அதனால கலை சோறு போடும்னு நான் அக்காவுக்குச் சத்தியம் பண்ணல. நான் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, ஆபீஸ்ல நான் தினமும் தடுமாறுறது கோட்ல இல்ல. பத்துப் பேர் முன்னாடி நின்னு, நினைச்சதைப் புரியுற மாதிரி சொல்றதுலதான். அதை எனக்கு எந்த டியூசனும் சொல்லித் தரல. நாடகத்தை விட்ட இடத்துல அது நின்னுபோச்சு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், ஆண்டு விழா முடியுற வரைக்கும் டியூசனை சனி, ஞாயிறுக்கு மாத்திக் கேட்டுப் பார்க்கறேன்னாங்க.

போனை மருமகள் வாங்கினா. "மாமா, ஒரு சீன் வாசிக்கேன், கேளுங்க." கடலுக்குப் போகவேண்டாம்னு பேரனைத் தாத்தா தடுக்கிற சீன். "கச்சான் அடிக்கு, இன்னைக்கு இறங்காத"ன்னு ஒரு வரி. நான் பெரிய எடிட்டர் மாதிரி, "கச்சான்னா எல்லாருக்கும் புரியாதும்மா, மேற்குக் காத்துன்னு போடு"ன்னேன்.

அவ யோசிக்கவே இல்ல. "எந்தத் தாத்தா மாமா அப்படிப் பேசுவாரு?"

அந்த வரி அப்படியே இருக்கு. ஆண்டு விழாவுக்கு டிக்கெட் போட்டாச்சு. அடுத்த எபிசோட் ஊர்ல இருந்து. வர்றேன் மக்களே.