சிறு எரிமலைகளின் வடிவும் வயதும்

 

வெள்ளி விழா மேடையில் எரிமலைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய நமது வட்டாரம் ஏரிகளும் வயல்களுமாய்க் கிடந்த சமவெளி. இங்குள்ள பிள்ளைகள் முதன்முதலில் காணும் மலை பெரும்பாலும் பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளுமே. "ஐயா, அது அணைந்துபோன எரிமலையா?" என்று ஆண்டுதோறும் வகுப்பில் யாரேனும் ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. நல்ல கேள்வி, விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவை எரிமலைகள் அல்ல. அக்குன்றுகளின் கருங்கல், பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். மேலிருந்த பாறையெல்லாம் கரைந்துபோன பின்னரே அது வெளிச்சத்தைக் கண்டது. 1893இல் தாமஸ் ஹாலந்து என்னும் புவியியலார் அதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் அடக்கமான ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் அக்கல் பதிக்கப்பட்டிருந்ததே காரணம். கல்லின் கீழே படுத்திருந்தவர் பெயர் கல்லுக்கு வந்தது. வெயிலில் நின்று சல்லி உடைத்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. அந்தக் கைகளுக்கு அக்கல்லின் பெயரைக்கூட எவரும் சொல்லித்தரவில்லை என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

அப்படியானால் உண்மையான சிறு எரிமலை எப்படி இருக்கும்? கொல்லன் உலையில் கிடக்கும் சிட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். துளை துளையாய், கையில் எடுத்தால் இலேசாய் இருக்கும். பூமிக்குள்ளிருந்து எழும் உருகிய பாறைக்குழம்பில் ஆவியும் வாயுவும் அடைபட்டிருக்கின்றன. மேலே வந்து அழுத்தம் குறைந்ததும், மூடி திறந்த சோடாபோல் அவை பொங்கிக் குழம்பைத் துண்டு துண்டாய் வானில் வீசுகின்றன. காற்றிலேயே ஆறிச் சிட்டம்போல் விழும் அத்துண்டுகள் வாயைச் சுற்றிக் குவிகின்றன. களத்து நெற்பொலியை எவ்வளவு கொட்டினாலும் ஒரு சரிவுக்குமேல் நிற்காமல் உருண்டுவிடுகிறதல்லவா? அதே விதிதான் இங்கும். சிட்டக் குவியலின் சரிவு 30 பாகைக்குச் சற்று மேலே நின்றுவிடும். ஆகவே இக்கூம்புகள் உலகில் எங்கே தோன்றினாலும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் காணப்படுகின்றன. உச்சியில் மட்டும் கிண்ணம்போல் ஒரு பள்ளம்.

நம் நாட்டில் இதைக் காண வங்கக் கடலைக் கடக்க வேண்டும். அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு உள்ளது. போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கே நம் தமிழ் மக்கள் பலர் குடியிருக்கின்றனர். பாரன் தீவிலோ மனிதர் எவரும் இல்லை. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள பழைய எரிமலைப் பள்ளத்தின் நடுவே, தாய்மடியில் குழந்தைபோல் ஒரு சிட்டக் கூம்பு நிற்கிறது. 1787 முதல் 1832 வரை அது பலமுறை கனன்றது. பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கி, செத்துவிட்டது என்றே பலர் நினைத்திருந்தபோது, 1991இல் விழித்துக்கொண்டது. 2005இல் மீண்டும் வெடித்தது; 2017 சனவரியில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தினர் கப்பலிலிருந்தே அதன் புகையையும் சாம்பலையும் கண்டனர். நம் சங்கம் வளர்ந்த இந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள்ளேயே அக்கூம்பின்மேல் புதுச் சிட்டம் விழுந்திருக்கிறது.

ஆனால் பெரும்பாலான சிறு கூம்புகள் இப்படி மீண்டும் மீண்டும் விழிப்பவை அல்ல. ஒருமுறை பொங்கி, பிறகு என்றென்றைக்கும் ஓய்பவை. மெக்சிகோ நாட்டில் 1943 பிப்ரவரியில் ஓர் உழவரின் சோளக்கொல்லையில் நிலம் பிளந்து பரிகூட்டின் என்னும் கூம்பு பிறந்தது. ஓராண்டுக்குள் 300 மீட்டருக்குமேல் உயர்ந்து, அருகிலிருந்த ஊர்களை அழித்து, 1952இல் அடங்கிவிட்டது. நம் பெரியோர்களின் வாழ்நாளிலேயே பிறந்து முடிந்த மலை அது!

மலை என்றாலே ஆதியில் தோன்றியது, மாறாதது என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மாறாதது என்று நமக்குச் சொல்லப்பட்டவை வேறு பலவும் உண்டு. புவியியலார் எதையும் அப்படி ஒப்புவதில்லை; 'இதன் வயது என்ன?' என்றே கேட்கிறார்கள். புதிய கூம்பின் சரிவு செங்குத்தாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். பிறகு மழை ஓடைகளை அறுக்கும், சரிவு தணியும், உச்சிப் பள்ளம் தூர்ந்துபோகும். இலட்சக்கணக்கான ஆண்டுகளில் அது வெறும் மேடாகிவிடும். சரிவை அளந்தால் எது மூத்தது, எது இளையது என்று ஓரளவு சொல்லலாம். துல்லியமான வயதுக்குப் பாறையிலுள்ள பொட்டாசியம் காலப்போக்கில் ஆர்கானாக மாறும் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

இக்கூம்புகள் தனியே நிற்பது அரிது. பரிகூட்டின் இருக்கும் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. மண்ணுக்கடியில் பிளவு ஓடும் வழியே அவை வரிசையாக எழுவதும் உண்டு. மொரீசியஸ் தீவின் நடுவே அத்தகைய வரிசை ஒன்று இருக்கிறது. கியூர்ப்பீப் நகரிலுள்ள 'த்ரூ ஓ செர்ஃப்' என்னும் எரிமலைவாய் அதைச் சேர்ந்தது. அருகிலுள்ள ரியூனியன் தீவில் 1753இல் பிறந்த 'ஃபோர்மிகா லியோ' என்னும் குட்டிக் கூம்பை மனிதர் நடந்தே சுற்றி வந்துவிடலாம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியசுக்கும் ரியூனியனுக்கும் கப்பலேறிய தமிழருள் ஒடுக்கப்பட்ட மக்கள் பலர். அவர்கள் களைக்கொட்டால் கிளறிய மண், எரிமலைக் கல் உக்கிய மண்ணே.

மாணவர்களே, அடுத்த ஞாயிறு காலை பாகைமானியுடனும் நூலில் கட்டிய ஒரு சிறு கல்லுடனும் சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள். பின்புறம் கொட்டிக் கிடக்கும் மணற்குவியலையும் சல்லிக் குவியலையும் அளப்போம். இரண்டின் சரிவும் ஒன்றாக இராது. ஏன் என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் மாநிலக் கல்லூரியில் புவியமைப்பியல் பட்டப்படிப்பு உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதுகலையும் முடித்தால் மத்தியத் தேர்வாணையத்தின் புவியறிவியலார் தேர்வை எழுதலாம். 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்குச் செல்லும் வழி அது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் மாலை ஆறு மணிக்குமேல் எம்மை வந்து பாருங்கள்.