வீட்டு வேலையும் ஷுக்ரும்

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஷுக்ர் என்றவுடன் “அல்ஹம்துலில்லாஹ்” என நாவால் மொழிவதே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் உள்ளத்தால் உணர்வதும், நாவால் மொழிவதும், உறுப்புகளால் செயற்படுவதும் ஒன்றுசேர்ந்ததே ஷுக்ர் என மார்க்க அறிஞர்கள் விளக்குகின்றனர். ஸூரா ஸபஃவின் 13ஆம் வசனத்திலே, தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாரை நன்றி செலுத்தும் பொருட்டுச் செயலாற்றுமாறு அல்லாஹ் பணிக்கின்றான். தன் அடியார்களில் நன்றியுடையோர் சொற்பமே என்றும் அங்கே கூறுகின்றான். ஆகவே, நன்றி என்பது செய்து காட்ட வேண்டிய ஒன்றாகும். அதற்குரிய இடங்களுள் நமது குசினியும் கிணற்றடியும் அடங்கும்.

சகோதர சகோதரிகளே! கழுவுவதற்குப் பீங்கான்கள் குவிந்து கிடக்கின்றன என்றால், அந்த வீட்டார் வயிறார உண்டிருக்கின்றனர். துவைப்பதற்குப் பிள்ளைகளின் உடைகள் நிறைந்திருக்கின்றன என்றால், ஓடியாடும் ஆரோக்கியமான பிள்ளைகளை அல்லாஹ் அளித்திருக்கின்றான். கூட்டுவதற்கு ஒரு முற்றம் இருக்கிறது என்றால், தலைக்கு மேலே ஒரு கூரையும் இருக்கின்றது.

இதன் பெறுமதியை நம் சமூகம் நன்கறியும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அழித்த மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களிலே, தாய்மார் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் தங்கிச் சோற்றுப் பொதிக்காகக் காத்திருந்தனர். கூட்டுவதற்கு வீடில்லை, ஏற்றுவதற்கு அடுப்பில்லை. வீட்டு வேலையே இல்லாத அந்நாட்களை ஓய்வு என எவர்தான் கூறுவார்? தன் சொந்த அடுப்பிலே ஒரு பானை சோறாக்குவது எத்துணை பெரிய நிஃமத் என்பதை அவர்களே அறிவர்.

எனினும், நேயர்களே! இவ்வுபதேசத்தைக் களைத்துப்போன பெண்ணின் வாயை அடைப்பதற்கு எவரும் பயன்படுத்தலாகாது. நபிகளாரின் அருமை மகள் பாத்திமா (ரழி) அவர்கள் திரிகை சுற்றிக் கை நொந்து, பணியாள் ஒருவரைக் கேட்டு வந்தார்கள். அச்சமயம் நபியவர்களைக் காணாததால், ஆயிஷா (ரழி) அவர்களிடம் விடயத்தைக் கூறிச் சென்றார்கள். அன்றிரவே நபியவர்கள் மகளின் வீட்டுக்கு வருகை தந்து, உறங்கச் செல்லும்போது 33 தடவை தஸ்பீஹும், 33 தடவை தஹ்மீதும், 34 தடவை தக்பீரும் கூறுமாறு கற்பித்தார்கள். பணியாளை விட இதுவே சிறந்தது என்றார்கள். ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் திக்ரை மகளுக்கு மட்டும் கற்பிக்கவில்லை. மருமகனையும் சேர்த்தே கற்பித்தார்கள். ஸிஃப்பீன் போரின் இரவில்கூடத் தாம் இதனை விடவில்லை என அலீ (ரழி) அவர்கள் கூறியிருக்கின்றார்கள். ஆகவே, வீட்டின் சுமையும் அதனை இலேசாக்கும் திக்ரும் கணவன் மனைவி இருவருக்கும் உரியவை.

நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என ஆயிஷா (ரழி) அவர்களிடம் வினவப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழச் செல்வார்கள் எனப் பதிலளித்தார்கள். தமது செருப்பைத் தாமே தைத்தார்கள். எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். நாமோ கறியில் உப்புக் குறைந்தால் முகம் சுளிக்கின்றோம். நாள் முழுவதும் உழைப்பவளை “வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்” என்கின்றோம். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்ற நபிமொழியை நாம் மறக்கலாமா?

ஆகவே அன்பர்களே! இன்றிரவு உணவுண்டபின் உங்கள் பீங்கானை நீங்களே கழுவி வையுங்கள். சமைத்த தாயிடமோ மனைவியிடமோ “ஜஸாகில்லாஹு கைரன்” என வாய்திறந்து கூறுங்கள். ஆண் பிள்ளைகளின் கையிலும் தும்புத்தடியைக் கொடுத்துப் பழக்குங்கள். தாய்மார்களே! அடுப்படியில் நிற்கும்போது பிஸ்மில்லாஹ்வோடு தொடங்கி, அல்ஹம்துலில்லாஹ்வோடு முடியுங்கள். குடும்பத்தார்மீது அன்புகொண்டு செய்யும் அந்த வேலை, நல்ல நிய்யத்தினால் நன்மையாகப் பதியப்படும்.

வல்ல நாயன் நம் அனைவரையும் அந்தச் சொற்பமான நன்றியுள்ள அடியார்களுள் சேர்த்தருள்வானாக! நம் இல்லங்களில் பரக்கத்தைப் பொழிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.