பைக்காரா தண்ணீர் முதல் மொட்டை மாடி வெயில் வரை



நம்ம கோயம்புத்தூர் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. அப்புறம் எப்படி இத்தனை பஞ்சாலை, பம்ப்செட் கம்பெனி, ஃபவுண்டரி? 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் இங்கே ஆலைகள் வேகமாகப் பெருகின. ஆலைக்கு மோட்டார், உதிரி பாகம், கிணற்றுக்கு பம்ப் என ஒன்றைத் தொட்டு ஒன்று வளர்ந்தது.

அடுத்து காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை பலமாக வீசும் காற்றை நம்பி, 1990-களில் பல்லடம், உடுமலைப்பேட்டை பக்கம் காற்றாலைகள் எழுந்தன. போட்டவர்களில் பலர் நம்ம மில்காரர்கள். அங்கே உற்பத்தியாகும் யூனிட்டைத் தங்கள் ஆலையின் மின் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

ஆனால் காற்றாலைக்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். நாலு தறி வைத்திருப்பவர் என்ன செய்வார்? 2012 மின்வெட்டை மறந்திருக்க மாட்டீங்க. கரண்ட் போனால் தறி நிற்கும், அன்றைய கூலியும் போகும். வளர்ச்சியில் சின்னவங்களுக்கும் பங்கு வேண்டுமென்றால், மின்சாரம் அவங்க கைக்கு எட்டும் விலையில் வேண்டும். அங்கேதான் சூரிய சக்தி வருகிறது.

பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. வீடுகளுக்கான மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000. தொழிற்கூடங்களுக்கு இந்த மானியம் இல்லை. அவங்களுக்கான விதிகளை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கணக்கு போடுங்க. 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். உங்க வீட்டில் இலவச யூனிட் வரம்புக்குள்தான் ஓடுகிறதா? அது ஏற்கெனவே இலவசம், அவசரப்பட வேண்டாம். அதிகம் ஓடினால், விலை கூடிய மேல் யூனிட்டுகள்தான் முதலில் குறையும். லாபம் அங்கேதான்.

இன்னொன்று. பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். விற்பவரிடம் இதைக் கேட்டுத் தெளிவாகிக்கங்க.

கடைசி ஆறு மின் பில்லையும் மின் இணைப்பு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு திட்டத்தின் இணையதளத்தைத் திறங்க. மில்காரர்கள் போட்ட அதே கணக்கை, இனி நாமும் நம்ம மொட்டை மாடிக்குப் போட்டுப் பார்ப்போம்.