வேடந்தாங்கலிலும் உத்திரமேரூரிலும் நான் கற்றது

மைக் முன்னாடி நான் நிற்பது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஜனவரியில் எங்கள் குழுவில் 12 பேர், ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டு, வேன் பிடித்து வேடந்தாங்கல் போனோம். "நம்ம ஏரியில இல்லாத கொக்கா?" என்று என் மாமியார் கேட்டாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

ஏரிக்கரை ஏறினதும் பேச்சே வரலை. தண்ணிக்குள்ள நிக்கிற மரமெல்லாம் பறவை. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அகப்பை மாதிரி மூக்கு வைத்த கரண்டிவாயன். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி அந்த ஊர் வயலுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரங்க கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே அதைத் தடுத்து எழுத்தில் உத்தரவு வாங்கியிருக்காங்க. தீபாவளிக்குக் கூட அங்கே வெடி வெடிப்பதில்லை.

மத்தியானம் உத்திரமேரூர் போனோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. 1,100 வருஷம் பழசு. ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த விவரம் அதில் இருக்கு. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பேரையும், அவர் சொந்தக்காரர் பேரையும் குடத்தில் போடக்கூடாதாம்.

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஊக்குநரான நான் அப்போ மூணு மாசமாகப் பேரேடு எழுதலை. கேட்டவங்களுக்கு "அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கிட்டிருந்தேன். பிரதிநிதி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை.

ஊர் வந்து ரெண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். 460 ரூபாய் இடித்தது. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லி, என் கையிலிருந்து போட்டேன். அன்றிலிருந்து வாரா வாரம் கணக்கைச் சத்தமாகப் படிக்கிறோம்.

அந்தக் காலத்துச் சபையில் பெண்களுக்கு இடமில்லை, நிலமில்லாதவங்களுக்கும் இடமில்லை. இன்றைக்கு நோட்டும் பேனாவும் நம்ம கையில இருக்கு. அதை நாமே சும்மா மூடி வைக்கலாமா?

நீங்களும் ஒருமுறை போய் வாங்க. நல்லா மழை பெய்த வருஷமாகப் பார்த்து, நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில், காலையிலோ சாயங்காலமோ போங்க. சத்தம் போடாமல் நின்னு பாருங்க. அடுத்த தடவை என் மாமியாரும் வராங்க.