கையெழுத்திடும் குழு அல்ல, கணக்குக் கேட்கும் குழு

(கோலார் தங்கவயலில் அரசுப் பள்ளிக் குழு உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி, 1956இல் மைசூர் அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டு, 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்கிய தொழில் அன்றோடு நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ராஜா ராமண்ணா தலைமையிலான கல்விப் பணிக்குழுவின் பரிந்துரையை ஏற்று, அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கொண்ட பள்ளி வளர்ச்சி மற்றும் மேற்பார்வைக் குழுக்களை அமைக்கும் ஆணை அது. எஸ்.டி.எம்.சி. என்று இன்று அனைவரும் அழைப்பது இக்குழுவைத்தான்.

சுரங்கம் இருந்தவரை தொழிற்சங்கமே இவ்வூர் மக்களின் அரசியல் பள்ளியாக விளங்கியது. சுரங்கம் மூடப்பட்ட பின், உழைக்கும் குடும்பங்கள் அன்றாடம் உரிமையோடு நுழையும் பொது நிறுவனமாக எஞ்சியிருப்பது அரசுப் பள்ளி. அதன் நிர்வாகத்தில் பெற்றோருக்குச் சட்டம் ஓர் இடம் தந்திருக்கிறது. அந்த இடத்தில் வெறுமனே அமர்ந்திருப்பதா, அதிகாரத்தைச் செலுத்துவதா என்பதே கேள்வி.

சட்டம் தந்துள்ள அதிகாரம்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் நிர்வாகக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும். அரசு உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்கு இக்கட்டாயம் இல்லை. உதவிபெறும் பள்ளிகளில், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், குழு ஆலோசனை மட்டுமே கூற முடியும். தன் பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை உறுப்பினர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது, மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பது ஆகியவை குழுவின் பணிகள். 22ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குழு தயாரிக்கும் திட்டமே அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக வேண்டும் என்கிறது. அதாவது, எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை, எவ்வளவு நிதி என்னும் கோரிக்கை கீழிருந்து மேலே செல்ல வேண்டும். நடைமுறையிலோ பல இடங்களில் எல்லாம் மேலிருந்து வருகிறது. கீழே கையெழுத்து மட்டும் பெறப்படுகிறது.

1930இல் இதே மண்ணில், கைரேகைப் பதிவு முறையை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தங்களைக் கேளாமல் தங்கள் ரேகையை எவரும் எடுக்கலாகாது என்று நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், படிக்காத தீர்மானத்தின் கீழ் கையெழுத்திடுவது பொருந்துமா?

அமெரிக்கா காட்டும் இரு வழிகள்

பள்ளி நிர்வாகத்திற்குப் பயிற்சி தேவை என்பதை உலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1991இல் சார்ட்டர் பள்ளிச் சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. மக்கள் வரிப்பணத்தில், மாவட்டக் கல்வி நிர்வாகத்திற்கு வெளியே, தனி வாரியங்கள் நடத்தும் பள்ளிகள் இவை. வாரிய உறுப்பினர்கள் தம் பொறுப்பு, பணியாளர் விதிகள், நிதி மேலாண்மை ஆகியவற்றில் குறித்த காலத்துக்குள் பயிற்சி பெறாவிட்டால் பதவியில் தொடர முடியாது என்று அம்மாநிலச் சட்டம் கூறுகிறது.

சிகாகோ நகரம் வேறு வழியில் சென்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்நகரப் பொதுப் பள்ளிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ப் பள்ளி மன்றங்கள் அமைந்தன. அவற்றில் ஆறு பெற்றோர், இரண்டு ஊர்ப் பிரதிநிதிகள், இரண்டு ஆசிரியர்கள், தலைமையாசிரியர் இடம்பெற்றனர். தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் மன்றத்திற்குக் கிடைத்தது. முதல் வழி பொதுப் பணத்தை மக்களின் நேரடிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குகிறது. இரண்டாவது வழி கட்டுப்பாட்டை மக்களிடம் தருகிறது. எஸ்.டி.எம்.சி. இரண்டாவது வழியைச் சேர்ந்தது. ஆனால் பயிற்சி இன்றி விடப்பட்டால், அது தோற்றுவிட்டது என்று காட்டிப் பள்ளியைத் தனியாரிடம் ஒப்படைக்க வாதம் தயாராகிவிடும்.

தங்கவயலின் தனித் தடைகள்

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் தாய் தந்தையர் இங்கு ஏராளம். வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்குக் குழுக் கூட்டம் வைத்தால், அவர்கள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். இல்லையேல் உரிமையை இழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்பது சலுகை அல்ல; ஜனநாயகத்தின் முன்நிபந்தனை.

மற்றொரு தடை மொழி. ஆணைகளும் சுற்றறிக்கைகளும் கன்னடத்தில் வருகின்றன. கன்னடம் சரளமாகப் பேசினாலும் படிக்க இயலாத தமிழ்ப் பெற்றோர் பலர். மாநில மொழியைக் கற்பது கடமையே. அதில் எவருக்கும் மாறுபாடு இல்லை. அதே வேளையில், தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு வசதி செய்யுமாறு அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு மாநிலங்களைப் பணிக்கிறது. பள்ளியில் 40 மாணவர், அல்லது வகுப்பில் 10 மாணவர் இருந்தால் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்று 1949இலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஏற்றது. நகராட்சி அளவில் 15 முதல் 20 விழுக்காடு மக்கள் பேசும் சிறுபான்மை மொழியில் முக்கிய அரசு அறிவிப்புகள் வர வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு மத்திய அரசின் குறிப்பாணை. தமிழ் வழிப் பள்ளிகளைக் காப்பாற்றும் போராட்டத்திற்கு இவை ஆயுதங்கள். பயிற்சிக் கையேட்டைத் தமிழிலும் கேட்பது இவற்றின் வழிவந்த உரிமை.

பயிற்சியில் கற்க வேண்டியவை

முதலாவது, தீர்மானப் புத்தகம். குழு மாதம் ஒருமுறையேனும் கூட வேண்டும், முடிவுகள் பதிவாகி மக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் கூறுகின்றன. உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே கையெழுத்து என்பது பழக்கமாக வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. சமக்ர சிக்ஷா திட்டத்தின் மானிய விகிதப்படி 31 முதல் 100 மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000 ரூபாய். எவ்வளவு வந்தது, எந்த நாளில் வந்தது, எதற்குச் செலவாயிற்று? வங்கிப் புத்தகத்தையும் பற்றுச்சீட்டையும் ஒப்பிடத் தெரிந்தால் போதும், பட்டம் தேவையில்லை.

மூன்றாவது, ஆசிரியர் எண்ணிக்கை. தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கலாகாது என்கிறது 26ஆம் பிரிவு. தன் பள்ளியின் எண்களை இவற்றோடு ஒப்பிட்டால் வளர்ச்சித் திட்டத்தின் முதல் பக்கம் எழுதப்பட்டுவிடும்.

நான்காவது, முறையீடு. 32ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் அளிக்கப்படும் புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் பெறலாம்.

குழு வசூல் நிலையம் அல்ல

2022 அக்டோபரில், பெற்றோரிடமிருந்து மாதம் 100 ரூபாய் நன்கொடை பெறக் குழுக்களை அனுமதித்துக் கர்நாடகக் கல்வித் துறை சுற்றறிக்கை வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. தாராளமயம் குழுவுக்கு வைத்திருக்கும் வேலை எது என்பதை அது காட்டிவிட்டது. அரசின் நிதிப் பொறுப்பை ஏழைப் பெற்றோரின் தோளில் ஏற்றி, அதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர் சூட்டுவது நிர்வாகம் அல்ல.

இன்னொரு தவறான போக்கும் உண்டு. கண்காணிப்பு என்றால் ஆசிரியரை மிரட்டுவது என்று சிலர் எண்ணுகின்றனர். காலிப் பணியிடங்களின் சுமையையும் கற்பித்தலுக்குப் புறம்பான வேலைகளையும் சுமக்கும் ஆசிரியர் பெற்றோரின் எதிரி அல்லர். ஆசிரியர் சங்கமும் பெற்றோர் குழுவும் ஒரே கோரிக்கை மனுவில் கையெழுத்திடும்போதுதான் கல்வித் துறை அசையும்.

உடனடிக் கடமைகள்

கட்சிக் கிளைகள் தம் பகுதிப் பள்ளிகளின் குழுக்கள் தேர்தல் வழி அமைந்தனவா என்று பார்க்க வேண்டும். குழுப் பயிற்சிக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தில் இடம் உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும். குறிப்பாகப் பெண் உறுப்பினர்கள் கணவருக்குப் பதிலாக அன்றித் தாமே பேசவும் கணக்குப் பார்க்கவும் துணை நிற்க வேண்டும். அடுத்த நிதியாண்டுக்கு முன் ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோரே விவாதித்து எழுதிய வளர்ச்சித் திட்டம் ஒன்று உருவாக வேண்டும்.

1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்களைப் பறிகொடுத்த ஊர் இது. அவர்கள் உயிர் கொடுத்து வளர்த்த அமைப்புணர்வு சுரங்கத்தோடு மூடப்பட்டுவிடவில்லை. அதைப் பள்ளி வாசலுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு இவ்வகுப்பில் அமர்ந்திருப்போருடையது.