நெஞ்சு நோகும்போது எந்த வாசலில் ஏறுவது?

(சாவகச்சேரியில் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மத்தியில் எமது சுகாதாரக் குழு நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். மலையகத் தோட்டங்களில் உள்ள வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



இருதய நோய் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். இருதயம் எப்படி வேலை செய்கிறது என்று படம் கீறிக் காட்ட நாங்கள் வரவில்லை. நெஞ்சு நோவோடு சாவகச்சேரிப் பட்டினத்துக்கு வாற ஒருவர் எந்த வாசலில் ஏறவேண்டும், எதில் ஏறக்கூடாது என்பதைத்தான் பேசப்போகிறோம். அதில் பிழைவிட்டால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் கண்ணால் பார்த்துவிட்டோம்.

அவர் பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டமொன்றில் வேலை செய்தவர். தாய் தகப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். ஒருநாள் காலமை தேங்காய் குவிச்சுக்கொண்டு நிற்கேக்க நெஞ்சின் நடுவில் கல்லு வைச்ச மாதிரி ஒரு பாரம். உடம்பெல்லாம் வியர்த்து ஊத்தினது. வாயுதான் என்று மனைவி இஞ்சி இடித்துக் கொடுத்தா. பிறகு ஒரு சோடா. அதுக்கும் குறையவில்லை என்று இரண்டுபேருமாக பஸ் ஏறிச் சாவகச்சேரிக்கு வந்து, டொக்டர்மார் பலர் சேர்ந்து இருந்து பார்க்கிற தனியார் மருத்துவ நிலையம் ஒன்றில் நம்பர் எடுத்தார்கள். இருதய டொக்டர் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் வருவார் என்று பதில். வாங்கில் இருந்தார்கள். என்ன வருத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களும் வாய் திறந்து சொல்லவில்லை. டொக்டர் வந்து ஈ.சி.ஜி. எடுத்த கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உயிர் தப்பியது. ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போச்சு. இன்றைக்கு அவரால் ஒரு வாளித் தண்ணி தூக்க ஏலாது.

"நாங்க காசு கட்டித்தானுங்களே போனோம்?" என்று அந்த அம்மா எங்களைக் கேட்டா. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பேச்சு.

மாரடைப்பு என்பது இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடி ஒன்றில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. அடைத்து அரை மணித்தியாலம் போகவே தசை சாகத் தொடங்கும். கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் என்று பெயர்கள். நோவு தொடங்கிப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்கலாம் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கொடுக்கிற ஊசிதான் பெரிய வேலை செய்யும். காலமை வந்த நோவுக்குப் பின்னேரம் ஈ.சி.ஜி. எடுத்தால் எவ்வளவு போய்விட்டது என்று நீங்களே கணக்குப் பாருங்கோ. ஆஸ்பத்திரிக்கு வந்த நெஞ்சுநோக்காரருக்குப் பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும் என்பது உலகமெங்கும் உள்ள மருத்துவ விதி.

ஆகவே நெஞ்சில் பாரம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர் வியர்வை, மூச்சு முட்டுதல் இருந்தால் நம்பர் எடுக்கிற இடத்துக்குப் போகவேண்டாம். நேரே அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கோ. சலரோகக்காரருக்கும் பெண்களுக்கும் சிலவேளை நோவே இராது. களைப்பு, சத்தி, மேல்வயிற்று எரிவு மட்டும் வரும். வாயு என்று நாங்கள் தள்ளிவிடுகிறதில் இதுவும் ஒன்று. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தது என்று வீட்டுக்கு ஓடவும் வேண்டாம். சில மணித்தியாலம் வைத்திருந்து திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள், இரத்தமும் சோதிப்பார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கவும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கியது. 2018 ஆடியில் வடக்குக்கும் ஊவாவுக்கும் வந்தது. தமிழில் பேசலாம். தோட்டத்தின் பெயரோடு, எந்த றோட்டு, எந்தக் கோயிலடி என்றும் சொல்லுங்கோ. அஸ்பிரின் குளிசை சப்பச் சொல்லுவார்கள். ஒவ்வாமையோ இரத்தப்போக்கோ இருந்தால் முதலே சொல்லிவிடவேண்டும்.

சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை ஏ-9 றோட்டால் வாறவர்களுக்குக் கைக்கெட்டிய இடம். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை பத்து மைல் அளவு. இருதய நோய் விசேட நிபுணர்களின் பிரிவு அங்கேதான் இருக்கு. இந்த ஊர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமத்துச் சனம் எல்லாம் இந்தத் தென்மராட்சிக்குள் வந்து நின்றது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் பட்டினமே தரைமட்டமானது. அப்படிப்பட்ட இடத்தில் ஆஸ்பத்திரியைக் கட்டி எழுப்புவது லேசான விஷயம் இல்லை. 2024 ஆடியில் வைத்தியசாலைச் சேவை முழுதாக நடக்கவேண்டும் என்று சனம் கடை பூட்டி றோட்டில் இறங்கியதும் அந்த அக்கறையால்தான். குறை இருந்தால் கேட்பது நியாயம். குறை இருக்கு என்று நெஞ்சுநோவோடு வேறு வாசல் தேடுவது ஆபத்து.

அப்ப சேர்ந்து நடத்துற மருத்துவ நிலையம் ஒன்றுக்கும் உதவாதா? உதவும். நோவு இல்லாத நாளில் போங்கோ. படியேற நெஞ்சு இறுக்குது, நின்றால் விடுகுது என்றால், அது அடைப்பு வருவதற்கு முன்வாற அறிகுறியாக இருக்கலாம். நாள் கடத்தாமல் காட்டவேண்டும். அங்கு பதியமுன் சில விஷயம் கேளுங்கோ. ஈ.சி.ஜி. இயந்திரம் அங்கேயே இருக்கா? நிபுணர் எந்தக் கிழமையில் வாறவர்? அவர் வராத நாளில் யார் பார்ப்பார்? முந்திய றிப்போர்ட்டுகளை எடுத்து வைக்கிறார்களா? அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்களா? வெட்கப்பட ஒன்றும் இல்லை. தனியாரிடம் பின்னேரம் பார்க்கிற நிபுணர் பெரும்பாலும் காலமை அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்தான். ஒருமுறை காசுக்குக் காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு, பிறகு கிளினிக் கொப்பியோடு இலவசமாக மருந்தெடுத்தவர்கள் பலரை நாங்கள் அறிவோம். கடன்பட்டு மாதாமாதம் பாமசியில் வாங்கி, காசு முடிந்ததும் குளிசையை நிற்பாட்டினவர்களையும் அறிவோம். ஒருமுறை அடைப்பு வந்தவர் டொக்டரைக் கேளாமல் குளிசை நிற்பாட்டக்கூடாது.

முப்பத்தைந்து வயது தாண்டினவர்களுக்குப் பிறஷர், சீனி, கொலஸ்ட்ரோல் இலவசமாகப் பார்க்கிற ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை 2011 தொடக்கம் அரசாங்கம் நடத்துகிறது. உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் எந்த நாள் என்று கேட்டுவையுங்கோ.

இடையில் ஒன்று. எங்கட யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூர் வரைக்கும் போனது. அந்தப் பெருமையைப் பேசிக்கொண்டே வெற்றிலைக்குள் அதை வைத்துச் சப்புகிறோம். சுருட்டு மட்டும்தான் கூடாது என்று நினைக்கிறார்கள். சப்புகிற புகையிலையும் இருதயத்துக்குக் கேடுதான். கருவாட்டுக் குழம்பைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கு.

பிள்ளைகளுக்குத் தொண்டைநோ வந்து, பிறகு மூட்டுக்கள் மாறி மாறி வீங்கினால் விட்டுவிடாதீர்கள். அது இருதய வால்வைக் கெடுக்கிற காய்ச்சலாக இருக்கலாம். நெருக்கமான லயன்களில் இது லேசாகப் பரவும். பெனிசிலின் ஊசியை மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை, டொக்டர் சொன்ன ஆண்டுவரை தவறாமல் போடவேண்டும்.

பேசி முடித்தபோது பின்னால் இருந்த ஓர் அம்மா எழும்பி, "ராத்திரியில வந்தா என்னங்க செய்யிறது? போனில காசு இருக்காதே" என்று கேட்டா. 1990க்கு அடிக்கக் காசு தேவையில்லை என்று சொன்னோம். நோவுகாரரை நடக்க விடாமல் இருத்தி வையுங்கோ, ஒருவர் ரோர்ச் லைட்டோடு றோட்டு வாசலுக்குப் போய் நில்லுங்கோ, மற்றவர் கிளினிக் கொப்பியையும் பாவிக்கிற குளிசைகளையும் ஒரு பையில் போட்டு எடுங்கோ என்றோம். அந்த அம்மா பக்கத்தில் இருந்த மகனைப் பார்த்து, "நம்பர எழுதி கதவுல ஒட்டுடா" என்றா.